விசிலுக்குத் திரும்பியவள்

கோயமுத்தூர்க்காரன் பாய்ப்படகுப் பந்தயத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கினான் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். கடல் எங்கே, நீ எங்கே என்கிறார்கள். கடல் எதற்கய்யா, காற்று போதாதா? காற்று எங்களிடம் கொட்டிக் கிடக்கிறது. மேற்கே மலைச் சுவரில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஒரு சந்து இருக்கிறது. வைகாசி பிறந்தால் அந்தச் சந்து வழியாக ஆரம்பிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குப் பழமொழி. எங்களுக்கு அது வீட்டு நிலவரம். நான் சொல்லப்போகிற வருஷங்களில்தான், தொண்ணூறுகளின் நடுவில், உடுமலைப் பக்கமும் பல்லடத்துப் பக்கமும் காற்றாலைகள் முளைக்கத் தொடங்கின. அவற்றின் இறக்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பஸ் ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டு போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நான் கணபதியில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தேன். அதற்கு முன்னால் சில வருஷம் கடற்படையில் இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது இரண்டு: ஒன்று பாய்ப்படகு, இன்னொன்று கெட்ட வார்த்தை. இரண்டாவதை ஊரில் பேச முடியாது. எங்கள் ஊரில் நாயைக்கூட "அக்கட்டால போங்க" என்று சொல்லி விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வயிற்றுப்புண் வந்ததுதான் மிச்சம்.

எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த பம்ப்செட் கம்பெனி முதலாளி ஒருவர் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுவார், வெளியில் என்னைவிட நல்ல கொங்குத் தமிழ் பேசுவார். மெட்ராசில் படித்த மகனுக்கு ஆசையாக ஒரு சின்னப் பாய்ப்படகு வாங்கிக் கொடுத்தார். மகன் அமெரிக்கா போய்விட்டான், படகு குடோனில் கிடந்தது. முதலாளிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி செய்கிற ஃபைபர் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்து, அதன்மேல் அச்சு எடுத்து, அதேபோல் இன்னும் ஐந்து போட்டு வாங்கிவிட்டார். ஒன்றைக் கண்ணில் காட்டினால் போதும், ஒன்பது செய்து தருவது எங்கள் ஊர்ப் புத்தி. ஒரு பிள்ளை உட்காரலாம், ஒரு பாய், ஒரு சுக்கான், மூக்கு வெட்டப்பட்ட முகம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி மாதிரி இருக்கும். கம்பெனி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் ஏற்றி மலையடிவாரத்து அணைக்குக் கூட்டிப்போய்ப் பழக்க வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார். சும்மா கிடக்கிற பொருளுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். எனக்கும் அப்படி ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஓட்டக் கற்பது கஷ்டமில்லை. கிணற்றில் காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கட்டி நீச்சல் பழகிய பிள்ளைகள், தண்ணீருக்குப் பயமில்லை. ஆவணி முடிவதற்குள் எல்லாரும் நேராகப் போனார்கள், திரும்பினார்கள், கவிழ்ந்தால் நிமிர்த்திக்கொண்டு வந்தார்கள். ஸ்டார்ட் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குப் பிடித்தது சனி.

ஓட்டப் பந்தயத்தில் கோட்டில் நிற்கலாம். படகு நிற்காது, அதற்கு பிரேக் கிடையாது. கொடி கட்டின நடுவர் படகு ஒரு பக்கம், ஒரு மிதவை இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கோடு. துப்பாக்கி வெடிக்கிற வரை கோட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வர வேண்டும். வெடிக்கிற அந்த நொடியில் முழு வேகத்தில் கோட்டைத் தொட வேண்டும். பிந்தினால் மற்றவர்கள் பாயில் பட்டுக் கசங்கின காற்றுதான் கிடைக்கும். முந்தினால் அதைவிடக் கேடு. இன்னொரு முறை ஒலி எழுப்பி ஒரு கொடியை ஏற்றுவார்கள். முந்தியவர்கள் திரும்பி வந்து கோட்டுக்குப் பின்னால் போய் மறுபடி கிளம்ப வேண்டும். யார் முந்தினார் என்று சொல்லமாட்டார்கள். அவரவருக்கே தெரிய வேண்டும். முந்தினவர்கள் எல்லாரும் திரும்பினபிறகுதான் கொடி இறங்கும்.

முதல் நாள் விசில் ஊதினேன். பஸ் கண்டக்டர் வைத்திருப்பாரே, அந்த விசில். ஆறு படகும் கோட்டுக்குப் பின்னால் பாயைத் தளர்த்திவிட்டு ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றும் வரவில்லை. தண்ணீர்மேல் பேச்சு நன்றாகக் கேட்கும். "நீங்க போங்க" என்கிறது ஒன்று. "இல்லீங்க, நீங்க முன்னால வந்தீங்க, நீங்களே போங்க" என்கிறது இன்னொன்று. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. போங்கடா நீங்களும் உங்கள் மரியாதையும் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் பொறுமையாகத்தான் சொன்னேன். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்குகிற படகுக்குத்தான் வழி உரிமை, எதிரே வருகிறவன் ஒதுங்க வேண்டும், ஒதுங்காவிட்டால் கத்த வேண்டும், அது சட்டம், அதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை என்று சொன்னேன். காந்திபுரத்தில் சாயங்காலம் டவுன் பஸ் ஏறுகிறீர்களே, அங்கே மட்டும் முட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சிரித்தார்கள். அடுத்த விசிலுக்குக் கொஞ்சம் வந்தார்கள். ஐப்பசிக்குள் ஐந்து பேர் தேறிவிட்டார்கள். தேறாதது ஒன்றுதான், அது அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரி.

தம்பியைச் சேர்த்துவிட வந்தவள். தம்பி தண்ணீரைப் பார்த்து அழுததால் இவள் உட்கார்ந்தாள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள், ஒல்லி, பேச்சே கிடையாது. ஆனால் காற்று அவளுக்குத் தெரிந்தது. நான் சொல்லிக்கொடுத்ததாக மார் தட்ட மாட்டேன். கொக்குகள் காற்றைப் பார்த்துத்தான் நிற்கும் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த வாரமே அணையின் அக்கரையில் நிற்கிற கொக்குகளைப் பார்த்து, அங்கே காற்று மாறிவிட்டதென்று முன்கூட்டியே படகைத் திருப்பி, மற்றவர்களைவிட நாலு படகு நீளம் முன்னால் வந்து நின்றாள். எந்த முனையில் கிளம்பினால் லாபம், எப்போது கூட்டத்தைவிட்டு விலக வேண்டும் என்பதெல்லாம் ஒருமுறை சொன்னால் போதும். அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். இந்தப் பிள்ளையை இதோடு என்ன செய்வது என்கிற பயம்.

அவளுக்கு ஒரே ஒரு வியாதி. முந்தியதற்கான இரண்டாவது விசிலை ஊதினால் திரும்பிவிடுவாள். முந்தினாலும் திரும்புவாள், முந்தாவிட்டாலும் திரும்புவாள். கோட்டுக்கு ஒரு படகு நீளம் பின்னால் இருந்துகொண்டே திரும்பியிருக்கிறாள். சும்மா சோதிக்கிறதற்காக, யாருமே முந்தாதபோது ஊதிப் பார்த்தேன். மற்ற ஐந்தும் போய்க்கொண்டே இருந்தன, இவள் மட்டும் சுக்கானைத் தள்ளித் திரும்பி வந்தாள். கரைக்கு வந்ததும் பிடித்துக் கத்திவிட்டேன். ஏன் திரும்பினாய் என்று கேட்டேன். ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே, "ஒருவேளை நாந்தானோன்னு இருந்துச்சுங்க சார்" என்றாள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவள் அப்பாவைத் தெரிந்தால் புரியும். அவர் அந்த பம்ப்செட் கம்பெனியில் வாசல் வாட்ச்மேன். முன்னால் ஃபவுண்டரியில் இருந்தவர். ஒருமுறை ஒரு நாள் வார்ப்பு முழுக்க ஓட்டை விழுந்து வீணாய்ப் போனது. முதலாளி எல்லாரையும் நிறுத்தி, யார் கவனக்குறைவு என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. இவர் முன்னால் வந்து நின்றார். அன்றைக்கு இவர் உலைப் பக்கமே போகவில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஒருவர் வந்து நின்றபிறகு தண்டனை என்று ஒன்று கொடுத்தாக வேண்டுமே. ஃபவுண்டரியிலிருந்து வாசலுக்கு மாற்றினார்கள். இதை அவர் என்னிடம் சொன்னபோது முகத்தில் வருத்தமே இல்லை. யாராவது ஒருவர் ஒத்துக்கொண்டால்தானே மற்றவர்கள் போய் வேலையைப் பார்க்க முடியும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவனாக இருக்கலாம், அதற்காக ஊரான் பழிக்கெல்லாம் தலையை நீட்டுவதா? அவரிடம் இதைச் சொல்லவில்லை. வாசல் கேட்டை எனக்காகத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார், அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது.

தை மாதம் அவர் பட்டறைக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தாகிவிட்டது. மில்லுக்கு ஆள் சேர்க்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறார். பெருந்துறைப் பக்கம் நூல் மில். பெண் பிள்ளைகள் அங்கேயே தங்கி மூன்று வருஷம் வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவார்களாம், அதை இவள் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இவ்வளவையும் தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

"மாஸ்டருங்க, நான் படிப்புக்கு எதிரி இல்லீங்க. மெட்ராஸ்ல ஏதோ போட்டி இருக்குது, ஜெயிச்சா ஆஸ்டல்ல வெச்சுப் படிக்க வெப்பாங்கன்னு புள்ளை சொல்லுது. எடுத்துக்கிட்டாங்கன்னா படிக்கட்டுமுங்க. இல்லீன்னா சித்திரையில மில்லுக்கு அனுப்பிப்போடறேனுங்க."

அது உண்மைதான். மாசியில் மெட்ராஸ் துறைமுகத்துக்குள் சின்னப் படகுப் போட்டி வைத்தார்கள். முதல் மூன்று இடத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு விளையாட்டு விடுதியில் இடம், தங்கிப் படிக்கலாம். அந்தப் படகுக்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். ஆக, கணக்கு நேரானது. மூன்றுக்குள் வந்தால் பள்ளிக்கூடம், நான்கானால் மில்.

அந்த ஒரு மாதம் நான் அவளை வதைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தை மாதத்தில் எங்கள் பக்கம் காற்று செத்துக் கிடக்கும், கிடைத்த காற்றில் ஸ்டார்ட் ஸ்டார்ட் என்று அதையே செய்ய வைத்தேன். கோட்டின் ஒரு முனைக்கு நேரே அக்கரையில் ஒரு பனைமரம் இருந்தது. மிதவையும் பனைமரமும் ஒன்றாகத் தெரிந்தால்தான் நீ கோட்டில் இருக்கிறாய், மிதவை தனியாகத் தெரிந்தால் பின்னால் இருக்கிறாய் என்று சொன்னேன். எந்த ஊருக்குப் போனாலும் கோட்டுக்கு நேரே கரையில் ஒரு அடையாளம் வைத்துக்கொள், அது உனக்குச் சாட்சி, விசில் யாருக்கோ ஊதட்டும், உன் சாட்சி சரியென்றால் நீ போய்க்கொண்டே இரு என்றேன். தலையாட்டினாள். இரண்டாவது விசிலுக்குத் திரும்பாமல் போக அவளுக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. முதன்முதலாகத் திரும்பாமல் போனபோது, போகிற போக்கில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போகிறவள் மாதிரி.

ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போனேன். மாசி வெயில், மீன் வாடை, தார் வாடை. துறைமுகத்துக்குள் எங்கள் அணை பத்து அடங்கும். மெட்ராஸ் பிள்ளைகள் பெயர் தைத்த தொப்பியும் கையுறையுமாக வந்திருந்தார்கள். தண்ணீரில் இறங்கியதும் ஒருவரை ஒருவர் கத்திக்கொண்டார்கள். இவள் எதையும் சட்டை செய்யவில்லை. நீ, வா, போ என்று முகம் தெரியாத பையன்கள் அதட்டியதற்கு மட்டும் கொஞ்சம் விழித்தாள். மூன்று பந்தயம். முதலில் ஆறாவதாக வந்தாள், இரண்டாவதில் இரண்டாவது. மொத்தத்தில் நான்காவது இடத்தில் இருந்தாள். மூன்றாமிடத்துக்கும் அவளுக்கும் இடையே ஒரு மயிரிழைதான்.

கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் படகை இறக்கும்போது அவளே வந்து பேசினாள். அவளாக வந்து பேசினது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "சார், அங்க செவுத்து மேல காக்காயெல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கிச்சுங்க. காத்து எடதுபக்கம் போயிருச்சுங்க" என்றாள். பார்த்தேன். அலைதடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள், காலையில் பார்த்த திசையை விட்டு இடப்பக்கம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படியென்றால் கோட்டின் இடது முனையில், மிதவைக்குப் பக்கத்தில் கிளம்புகிறவருக்குத்தான் லாபம். மற்றவர்கள் வழக்கம்போல் வலது முனையில், நடுவர் படகை ஒட்டி அடைந்துகொண்டிருந்தார்கள். இதை யாரிடமும் சொல்லாதே அம்மிணி என்றேன். சிரித்தாள். பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பயிற்சியாளர்கள் தண்ணீரில் போகக்கூடாது. நான் கரைச் சுவரில் நின்றேன். துப்பாக்கி வெடித்தது. இடது முனையில் தன்னந்தனியாக ஒரு படகு, பாய் இறுகி, ஒரு நொடி முந்தாமல், ஒரு நொடி பிந்தாமல் கோட்டைத் தாண்டிப் போனது. என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு ஸ்டார்ட் நான் செய்ததில்லை, கடற்படையிலும் பார்த்ததில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனிதரிடம், முன்பின் தெரியாதவர், அது எங்க பிள்ளைங்க என்றேன்.

அப்போது இன்னொரு முறை ஒலித்தது. கொடி ஏறியது.

வலது முனைக் கூட்டத்தில் மூன்று நான்கு படகுகள் அப்பட்டமாக முந்தியிருந்தன, கரையிலிருந்தே தெரிந்தது. ஒன்றும் திரும்பவில்லை. கூட்டமாக முந்தினால் எல்லாருக்கும் தைரியம், எனக்கில்லை உனக்குத்தான் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். நான் அவளைத்தான் பார்த்தேன். போ, போ, போ என்று வாய்க்குள் சொன்னேன். போய்க்கொண்டுதான் இருந்தாள். இருபது படகுக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள். முன்னால் பார்த்தாள். மறுபடி திரும்பிக் கொடியைப் பார்த்தாள். அப்புறம் சுக்கானைத் தள்ளினாள்.

அவள் திரும்பி, எதிரே வந்த படகுகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டு, கோட்டுக்குப் பின்னால் போய் மறுபடி கிளம்பியபோது கடைசிப் படகே வெகுதூரம் போயிருந்தது. அந்த இடத்திலிருந்து அவள் ஓட்டிய ஓட்டத்தை இப்போதும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். காற்றின் ஒவ்வொரு திருப்பத்தையும் பிடித்து, ஒவ்வொருவராகத் தாண்டி, எட்டாவதாக வந்து சேர்ந்தாள். முந்திவிட்டுத் திரும்பாத மூன்று பேரைப் பிறகு நீக்கினார்கள், அதனால் ஐந்தாவது. எல்லாவற்றையும் கூட்டியபோது மொத்தத்தில் நான்காவது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான். இது வாய்வரைக்கும் வந்து விழுந்தது.

நடுவர் படகில் இருந்த ஓர் இளைஞர் கரைக்கு வந்ததும் என்னைத் தேடி வந்தார். அவருக்கே மனது கேட்கவில்லை போலிருக்கிறது. துப்பாக்கிக்கு முன்னால் உங்கள் பெண் கோட்டைத் தாண்டவே இல்லை, எங்கள் குறிப்பில் அவள் படகே இல்லை, எதற்காகத் திரும்பினாள் என்று கேட்டார். ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். யாரும் அவளைத் திரும்பச் சொல்லவில்லை, அவளாகத் திரும்பியதற்கு விதியில் வழியில்லை என்றார். நல்ல பையன். அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டேன்.

மறுநாள் காலை வண்டியில் ஊருக்குத் திரும்பினோம். மற்ற பிள்ளைகள் சேலம் வரை தூங்கினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வாங்கிக் கொடுத்த இட்லியைப் பொட்டலத்தோடு மடியில் வைத்திருந்தாள். ஈரோடு தாண்டினபிறகு எனக்குப் பொறுக்கவில்லை. நீ தாண்டலை அம்மிணி, அவங்களே சொல்லிட்டாங்க, மறுபடியும் நாந்தானோன்னு நினைச்சுட்டியா என்று கேட்டேன். திட்டக்கூடாது என்று முடிவுசெய்துகொண்டுதான் கேட்டேன், ஆனாலும் குரல் உயர்ந்துவிட்டது.

"இல்லீங்க சார். நான் தாண்டலைன்னு எனக்குத் தெரியுமுங்க. அக்கட்டால கரையில ஒரு வெள்ளைத் தொட்டி வெச்சிருந்தேனுங்க அடையாளத்துக்கு. மிதவை தனியாத்தான் தெரிஞ்சுது."

அப்புறம் ஏன் என்று கேட்டேன்.

"கொடி ஏறிப்போச்சுங்க. யாருமே திரும்பலீங்க. எல்லாரும் அவங்களுக்கு இல்லைங்கற மாதிரியே போறாங்க. யாராச்சும் ஒருத்தர் திரும்பினாத்தானுங்களே கொடி எறங்கும்."

உனக்கு மில் என்று தெரியுமா தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பழக்கியது ஒரு ஆறு மாதம். வீடு பழக்கியது பதினான்கு வருஷம். எது நிற்கும்?

ஊர் வந்த மறுநாள் கம்பெனிக்குப் போனேன். அவள் அப்பா வாசலில் இருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன், அவள் தப்பே செய்யவில்லை, முந்தியவர்களுக்குப் பதிலாகத் திரும்பினாள், இல்லாவிட்டால் முதல் மூன்றில் சந்தேகமே இல்லை, இன்னும் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் அனுப்புங்கள், வேறு வழி பார்க்கலாம் என்று கெஞ்சினேன். உண்மையில் எனக்குச் சண்டை போடத்தான் ஆசை. நீங்கள் கற்றுக்கொடுத்ததுதானே இது என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஆசை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"புள்ளை திரும்புச்சுங்களே மாஸ்டர், பொறவு கொடி எறங்குச்சுங்களா?"

இறங்கவில்லை என்றேன். முந்தியவர்கள் திரும்பினால்தான் இறங்கும், அவர்கள் திரும்பவில்லை, வெகுநேரம் அது பறந்துகொண்டேதான் இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

சித்திரையில் அவளை அனுப்பிவிட்டார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை. அந்த ஆடியில் காற்று நன்றாகவே அடித்தது. ஐந்து பிள்ளைகளோடு சில வாரம் அணைக்குப் போனேன். அவர்கள் நன்றாக ஓட்டினார்கள். கத்தக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், இரண்டாவது விசிலுக்கு ஒருவரும் திரும்புவதில்லை, முந்தினாலும் திரும்புவதில்லை. பந்தயக்காரர்களாக ஆகிவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதலாளிக்கும் ஆர்வம் குறைந்துபோனது, வேன் வேறு வேலைக்குப் போயிற்று. படகுகளைக் குடோனில் கவிழ்த்து வைத்தோம்.

இரண்டு வருஷம் கழித்து, பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் காயில் கட்டிய மோட்டாரைக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மில் வேன் ஒன்று வந்து நின்றது. ஒரே நிறத்துத் துப்பட்டா போட்ட பெண் பிள்ளைகள் இறங்கினார்கள். மாதம் ஒருமுறை சாமான் வாங்க விடுவார்களாம். கழுத்தில் விசில் தொங்க, வார்டன் அம்மாள் ஒருவர் பின்னாலேயே இறங்கினார். பிள்ளைகள் வளையல் கடையை மொய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்து நின்றாள். பிறகு வேகமாக வந்தாள்.

வளர்ந்திருந்தாள், இன்னும் ஒல்லியாகியிருந்தாள். நெற்றி முடியோரம் பஞ்சு இழை ஒன்று ஒட்டியிருந்தது. நல்லா இருக்கீங்களா சார் என்றாள். போட்டெல்லாம் இருக்குதுங்களா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன், கேட்கக் கூடாத கேள்வி, வேறு என்ன கேட்பது.

"நல்லாத்தானுங்க இருக்கறேன். உள்ள காத்துத்தானுங்க இல்லை. பஞ்சு பறக்குமுன்னு சன்னலே தொறக்க மாட்டாங்க. எந்தப் பக்கம் மேக்குன்னே தெரியறதில்லீங்க சார்."

சொல்லிவிட்டு முகத்தைக் கொஞ்சம் தூக்கினாள். கன்னத்தை இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏதோ ஒரு கட்சிக் கொடி அடித்துக்கொண்டிருந்தது, அதை அவள் பார்க்கக்கூட இல்லை. இன்னைக்கு மேக்காலதானுங்களே என்றாள். ஆமாம் என்றேன். எடதுபக்கம் சித்த திரும்புதுங்க என்றாள். எனக்கு அது தெரியவில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று பையைத் துழாவினேன். அதற்குள் வார்டன் அம்மாள் விசில் ஊதினார். நேரம் ஆகவில்லை, இப்போதுதான் இறங்கினார்கள். யாரோ ஒரு பெண் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கக் கடைக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது, அவளைக் கூப்பிடுவதற்காகத்தான் ஊதினார். வளையல் கடையில் நின்ற ஒருத்திகூடத் தலையைத் தூக்கவில்லை. ரோட்டைத் தாண்டியவளும் திரும்பவில்லை.

"வாரேனுங்க சார்" என்றாள். திரும்பி வேனுக்குப் போய், காலி வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.